இரைப்பைக் கிருமியும் அதன் இரண்டு நச்சுகளும்

ஹெலிகோபேக்டர் பைலோரி மனித இரைப்பையில் வாழ்வதற்கென்றே உருவான பாக்டீரியா. சுருளாக வளைந்த உடல். நீளம் சுமார் 3 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் மூன்று பங்கு. உடலின் ஒரு முனையில் நாலைந்து கசையிழைகள் உண்டு. அவற்றைச் சுழற்றித்தான் நீந்துகிறது. உலக மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் இதைச் சுமக்கிறார்கள். பெரும்பாலும் பிள்ளைப் பருவத்திலேயே வீட்டில் உள்ளவர்களிடமிருந்து தொற்றிக்கொள்ளும். மருந்து கொடுத்து ஒழிக்காவிட்டால் ஆயுள் முழுவதும் உள்ளேயே இருந்துவிடும்.

இதைச் சுமப்பவர்களில் பெரும்பாலோருக்கு வெளியே தெரியும்படி எந்தத் தொந்தரவும் வருவதில்லை. ஆனால் இரைப்பைப் புண், முன்சிறுகுடல் புண், இரைப்பைப் புற்றுநோய் ஆகிய மூன்றுக்கும் முதன்மையான காரணம் இந்தக் கிருமிதான். செல்களுக்கு அது விளைவிக்கும் சேதத்தில் பெரும்பங்கு இரண்டு புரதங்களுடையது. ஒன்று வாக்-ஏ; கிருமி இதை வெளியே சுரந்துவிடுகிறது. மற்றொன்று காக்-ஏ, இதை நேராக மனித செல்லுக்குள் செலுத்துகிறது. இரண்டும் வேலை செய்யும் விதம் முற்றிலும் வேறு. ஆனால் நோக்கம் ஒன்றே: அமிலம் நிறைந்த இரைப்பையில் கிருமிக்கு உணவும் நிலையான இருப்பிடமும் தேடித் தருவது.

கண்டுபிடித்த கதை

நேரத்துக்குச் சாப்பிடாதது, காரம், கவலை, இவைதான் அல்சருக்குக் காரணம் என்ற பேச்சு இன்றும் வீடுகளில் உண்டு. மருத்துவர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். இரைப்பை அமிலத்தில் கிருமி எதுவும் குடியிருக்க முடியாது என்பது அன்றைய பாடம்.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர அரச மருத்துவமனையில் திசு ஆய்வு மருத்துவராக இருந்த ராபின் வாரன், 1979-இல் இரைப்பை அழற்சி உள்ளவர்களின் திசுத் துணுக்குகளில் வளைந்த பாக்டீரியாக்களைப் பார்த்தார். 1981-இல் இளம் மருத்துவர் பாரி மார்ஷல் அவரோடு சேர்ந்துகொண்டார். இருவரும் நோயாளிகளிடமிருந்து எடுத்த துணுக்குகளில் அந்தக் கிருமியை வளர்த்துப் பார்க்க முயன்றார்கள். இரண்டு நாளில் எதுவும் முளைக்காவிட்டால் வளர்தட்டைத் தூக்கி எறிவது ஆய்வகத்தின் வழக்கம். 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் ஐந்து நாள் அப்படியே கிடந்துவிட்டன. திரும்பி வந்து பார்த்தபோது கிருமி வளர்ந்திருந்தது. மெதுவாக வளரும் அதற்கு இரண்டு நாள் போதவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

புண்ணுக்குக் காரணம் கிருமி என்பதைப் பலரும் ஏற்கவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமி வளர்ந்த திரவத்தைத் தானே குடித்தார். சில நாளில் குமட்டலும் வாந்தியும் வந்தன. பத்தாம் நாள் வாக்கில் செய்த எண்டோஸ்கோபியில் அவருடைய இரைப்பை அழன்றிருந்தது. எடுத்த திசுவில் கிருமியும் இருந்தது. 1994-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இந்தக் கிருமியைப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் வகையில் சேர்த்தது. 2005-இல் வாரனுக்கும் மார்ஷலுக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

அமிலத்தைக் கடக்கும் வழி

நச்சு வேலை செய்ய வேண்டுமானால் முதலில் கிருமி பிழைத்திருக்க வேண்டும். வெறும் வயிற்றில் இரைப்பைச் சாற்றின் பி.எச். அளவு 1-க்கும் 2-க்கும் இடையில் இருக்கும். அந்த அமிலத்தில் ஹெச். பைலோரியும் நெடுநேரம் தாங்காது. அதனால் உள்ளே வந்ததும் இரைப்பைச் சுவரை மூடியிருக்கும் சளிப் படலத்துக்குள் நுழைந்துகொள்கிறது. படலத்தின் மேற்புறத்தில்தான் அமிலம் கடுமையாக இருக்கும். அடியில், செல்களை ஒட்டிய பகுதியில், கிட்டத்தட்ட நடுநிலை.

அங்கே போய்ச் சேரும் வரை காப்பது யூரியேஸ் என்ற நொதி. இந்தக் கிருமியின் மொத்தப் புரதத்தில் பத்தில் ஒரு பங்கு வரை இந்த ஒரு நொதியே இருக்கும். இரத்தத்திலிருந்து இரைப்பைக்குள் கசியும் யூரியாவை அது அம்மோனியாவாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் உடைக்கிறது. அம்மோனியா காரத்தன்மை உடையது; கிருமியைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்துவிடுகிறது. கிருமியின் உட்சவ்வில் யூரியாவை உள்ளே விடுவதற்கென்று ஒரு புரத வாயில் இருக்கிறது. வெளியே அமிலம் கூடினால்தான் அது திறக்கும். அமிலம் குறைந்ததும் மூடிக்கொள்ளும். அம்மோனியா அளவுக்கு மீறிச் சேர்ந்து கிருமியையே கொன்றுவிடாமலிருக்க இந்த ஏற்பாடு.

யூரியேஸால் இன்னொரு பயனும் உண்டு. இரைப்பைச் சளி, அமிலம் கூடும்போது கெட்டிப்படும் தன்மையுடையது. கெட்டிச் சளியில் கசையிழை சுழன்றாலும் கிருமி நகராது. அம்மோனியா அமிலத்தை முறிக்கும் இடத்தில் சளி இளகுகிறது; கிருமி அதன் வழியே நீந்தி அடிப்பகுதியை அடைகிறது.

பெரும்பாலான கிருமிகள் சளியிலேயே தங்கிவிடும். ஒரு சிறு பகுதிதான் செல்களின் மேல் ஒட்டிக்கொள்ளும். நச்சு வேலையில் முக்கியமானவை இவை. ஒட்டுவதற்கு அவற்றின் மேற்பரப்பில் தனிப் புரதங்கள் உள்ளன. பாப்-ஏ என்பது இரைப்பைச் செல்களின் மேல் இருக்கும் லூயிஸ்-பி என்ற இரத்தப் பிரிவுச் சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும். சாப்-ஏ என்பது அழற்சி கண்ட செல்களில் கூடுதலாகத் தோன்றும் வேறொரு சர்க்கரையைப் பிடிக்கும். அழற்சி வளர வளர, கிருமி ஒட்டுவதற்கான இடமும் கூடுகிறது.

வாக்-ஏ: செல்லை ஊதவைக்கும் நச்சு

1988-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இந்தக் கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமி இல்லாத அந்த வடிநீரை மட்டும் ஆய்வகத்தில் வளர்த்த செல்களின் மேல் ஊற்றினார்கள். செல்களுக்குள் தெளிந்த குமிழிகள் தோன்றிப் பெருத்து உள்ளிடத்தை நிறைத்தன. கிருமியே இல்லாமல் இது நடந்ததால், அது சுரந்துவிட்ட ஏதோ ஒரு பொருளே காரணம் என்பது உறுதியாயிற்று. 1992-இல் டிமோதி கவரும் மார்ட்டின் பிளேசரும் அந்தப் புரதத்தைத் தனியே பிரித்தெடுத்தார்கள். அதுதான் வாக்-ஏ.

கிருமி இதை முதலில் ஒரு நீண்ட புரதமாகச் செய்கிறது. அதன் வால் பகுதி கிருமியின் வெளிச்சவ்வில் துளையாக அமைந்துகொள்ள, மீதி அந்தத் துளை வழியே வெளியேறி அறுபடுகிறது. வெளியே வரும் நச்சில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று செல்லின் மேல் ஒட்டுவதற்கு உதவும். மற்றொன்று சவ்வுக்குள் புகுந்து துளை அமைக்கும். மனித செல்லின் மேல் ஆறேழு வாக்-ஏ மூலக்கூறுகள் வட்டமாகக் கூடுகின்றன. மின்நுண்ணோக்கியில் பார்த்தால் இதழ் விரிந்த பூவின் வடிவம். அதன் நடுவில் இருக்கும் துளை வழியாக எதிர்மின்னேற்றம் கொண்ட அயனிகள், குறிப்பாகக் குளோரைடு, கடந்து போகும்.

செல் தன் மேற்சவ்வைச் சிறுசிறு பைகளாக உள்ளிழுத்துக்கொள்வது இயல்பான வேலை. அந்தப் பைகளோடு வாக்-ஏ துளைகளும் உள்ளே போய்விடுகின்றன. பைக்குள் புரோட்டான்களை ஏற்றும் ஒரு பம்பு ஏற்கெனவே அங்கே உண்டு. வாக்-ஏ துளை வழியே குளோரைடும் வந்து சேர, பம்பின் வேகம் கூடி உள்ளே அமிலத்தன்மை ஏறுகிறது. அந்த நேரத்தில் சுற்றிலும் இருக்கும் அம்மோனியா பைக்குள் ஊடுருவுகிறது. அமிலத்தோடு சேர்ந்து அம்மோனியமாக மாறியபின் அதனால் வெளியேற முடிவதில்லை. உப்பு மிகுந்த இடத்தை நோக்கி நீர் பாயும் என்ற சவ்வூடு பரவல் விதிப்படி, தண்ணீர் புகுந்து பை ஊதிப் பெருக்கிறது. ஆய்வாளர்கள் பார்த்த குமிழி இதுதான். அதற்கு வேண்டிய அம்மோனியாவைத் தந்ததும் கிருமியின் யூரியேஸே. உயிர் காக்கும் நொதி, நச்சுக்கும் துணை நிற்கிறது.

மேற்சவ்விலேயே தங்கிவிடும் வாக்-ஏ துளைகளும் சும்மா இருப்பதில்லை. அவற்றின் வழியே செல்லிலிருந்து யூரியா வெளியே கசிகிறது. யூரியேஸுக்கு மூலப்பொருள் கிடைக்கிறது. பக்கத்துச் செல்களை இணைக்கும் இறுக்கமும் தளர்கிறது. அந்த இடுக்கு வழியே இரும்பு, நிக்கல், அமினோ அமிலங்கள் போன்றவை மேலே கசிந்து கிருமிக்கு உணவாகின்றன. யூரியேஸ் நொதி நிக்கல் இல்லாமல் வேலை செய்யாது என்பதால் இந்தக் கசிவு கிருமிக்கு மிகவும் தேவையானது.

நச்சின் ஒரு பகுதி செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவைச் சென்றடைகிறது. அங்கே சவ்வு பழுதாகி, சைட்டோகுரோம்-சி என்ற புரதம் வெளியே சிந்துகிறது. செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு உடல் வைத்திருக்கும் குறிப்பு அது. ஆக, வாக்-ஏ நேரடியாகக் கொல்வதைவிட, செல்லின் தற்கொலை ஏற்பாட்டைத் தூண்டிவிடுகிறது என்பதே பொருத்தம். சுவர் பழுதான இடத்தில் அடியில் வந்து நிற்கும் டி-வெள்ளணுக்களையும் அது விட்டுவைப்பதில்லை. அவை பெருகுவதற்குத் தேவையான இன்டர்லூக்கின்-2 என்ற சமிக்ஞைப் பொருளைச் செய்யவிடாமல் தடுக்கிறது. கிருமி பல பத்தாண்டுகள் உள்ளேயே தங்கிவிட முடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

காக்-ஏ: செல்லுக்குள் செலுத்தப்படும் புரதம்

வாக்-ஏ மரபணு ஏறக்குறைய எல்லா ஹெச். பைலோரி வகைகளிலும் இருக்கிறது. காக்-ஏ அப்படியல்ல. மேற்கத்திய நாடுகளில் காணப்படும் வகைகளில் சுமார் 60 விழுக்காட்டிலும், ஜப்பான், கொரியா, சீனா போன்ற கிழக்காசிய நாடுகளின் வகைகளில் அநேகமாக எல்லாவற்றிலும் அது உண்டு. காக்-ஏ மரபணு தனியாக இருப்பதில்லை. முப்பது மரபணுக்கள் வரை அடங்கிய ஒரு டி.என்.ஏ. துண்டில் அது ஒன்று. வேறு ஏதோ ஒரு நுண்ணுயிரியிடமிருந்து நெடுங்காலத்துக்கு முன் வந்து சேர்ந்த துண்டு இது என்று கருதப்படுகிறது.

அந்த மரபணுக்களில் பல சேர்ந்து, கிருமியின் உடலிலிருந்து வெளியே நீளும் ஒரு புரதக் குழாயை அமைக்கின்றன. நான்காம் வகைச் சுரப்பு அமைப்பு என்பது அதன் பெயர். மருத்துவர் ஊசி போடுவது போல, காக்-ஏ இந்தக் குழாய் வழியே மனித செல்லுக்குள் ஏற்றப்படுகிறது. தாவரங்களின் தண்டில் கழலைகளை உண்டாக்கும் அக்ரோபாக்டீரியம் என்ற மண்வாழ் பாக்டீரியாவும் இதே குடும்பத்துக் குழாயால்தான் தன் டி.என்.ஏ.வைத் தாவர செல்லுக்குள் அனுப்புகிறது. ஹெச். பைலோரியின் குழாய் மனித செல்லின் மேலுள்ள இன்டெக்ரின் போன்ற புரதங்களைப் பற்றிக்கொண்டு தன் வேலையைத் தொடங்கும்.

செல்லுக்குள் போனதும் காக்-ஏ மேற்சவ்வின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதன் உடலில் எபியா எனப்படும், ஐந்து அமினோ அமிலங்கள் கொண்ட சிறு தொடர்கள் மீண்டும் மீண்டும் வரும். மனித செல்லுக்குச் சொந்தமான சார்க், ஏபிஎல் என்ற நொதிகள் அந்த இடங்களில் பாஸ்பேட்டைச் சேர்க்கின்றன. அதன்பிறகே காக்-ஏ முழு வலிமை பெறுகிறது. கிருமி அனுப்பிய புரதத்தை முடுக்கிவிடுவது மனித செல்லின் நொதியே.

பாஸ்பேட் ஏறிய காக்-ஏ, எஸ்எச்பி-2 என்ற நொதியோடு சேர்கிறது. செல் எப்போது வளர வேண்டும், எப்போது நகர வேண்டும் என்ற கட்டளைகளைக் கடத்துவது எஸ்எச்பி-2-வின் வேலை. வெளியிலிருந்து கட்டளை வந்தால் மட்டும் இயங்க வேண்டிய அது, காக்-ஏ சேர்ந்தபின் ஓயாமல் இயங்கத் தொடங்குகிறது. ஆய்வகத் தட்டில் இதன் விளைவைக் கண்ணால் பார்க்கலாம். ஒன்றோடொன்று நெருங்கித் தட்டையாக இருந்த செல்கள், சில மணி நேரத்தில் கூட்டத்தை விட்டுப் பிரிந்து, மெலிந்து நீண்டு, முனையில் மெல்லிய நீட்சியோடு நிற்கும். நீண்ட அலகுள்ள பறவையை நினைவூட்டியதால் ஆய்வாளர்கள் இதற்கு ஹம்மிங் பறவை வடிவம் என்று பெயரிட்டார்கள்.

பாஸ்பேட் ஏறாத நிலையிலும் காக்-ஏ தீங்கு செய்யும். இரைப்பைச் செல்லுக்கு மேல்பக்கம், அடிப்பக்கம் என்ற வேறுபாடு உண்டு. மேல்பக்கம் சளியைச் சுரக்கும், அடிப்பக்கம் உடலோடு சேர்ந்திருக்கும். அந்த வேறுபாட்டைக் காக்கும் பார்-1 என்ற நொதியைக் காக்-ஏ முடக்குகிறது. செல்களை இணைக்கும் மூட்டுகளையும் கலைத்துவிடுகிறது. வரிசையும் ஒழுங்கும் குலைந்த செல்கள், பெருகும் போக்குடைய செல்களாக மாறுகின்றன. புற்றுநோய்க்கு முந்தைய செல்களில் காணப்படும் குணமும் இதுவே.

இரைப்பையின் மேற்பரப்புச் செல்கள் சில நாளுக்கொருமுறை உதிர்ந்து, புதியவை அவற்றின் இடத்துக்கு வந்துவிடும். ஆகவே மேலே உள்ள செல் கெட்டாலும் அது நீண்ட நாள் நிலைப்பதில்லை. ஆனால் இந்தக் கிருமி இரைப்பைச் சுரப்பிகளின் குழிகளுக்குள்ளும் இறங்கிக் குடியேறுகிறது. புதிய செல்களை உண்டாக்கும் குருத்தணுக்கள் இருக்கும் இடம் அது. அங்கே நேரும் மாற்றம் அதிலிருந்து பிறக்கும் செல்களுக்கும் போய்ச் சேரக்கூடும்.

காக்-ஏ மட்டும் புற்றுநோயைத் தூண்டுமா என்ற கேள்விக்கு ஜப்பானிய ஆய்வாளர்கள் 2008-இல் விடை கண்டார்கள். கிருமி எதுவும் இல்லாத எலிகளின் உடலில் காக்-ஏ மரபணுவை மட்டும் சேர்த்து வளர்த்தபோது, அவற்றில் சிலவற்றுக்கு இரைப்பையிலும் சிறுகுடலிலும் புற்றுநோய் வந்தது. பாக்டீரியாப் புரதம் ஒன்றே பாலூட்டியில் புற்றுநோயைத் தூண்டும் என்பதற்கு அது வலுவான சான்று.

இரண்டும் சேரும்போது

வாக்-ஏ செல்லை மாய்க்கப் பார்க்கிறது. காக்-ஏ செல்லை உயிரோடு வைத்துப் பெருக்கப் பார்க்கிறது. இரண்டும் ஒன்றையொன்று மட்டுப்படுத்துகின்றன. காக்-ஏ நுழைந்த செல்லில் வாக்-ஏயின் கொல்லும் வேலை குறைகிறது. வாக்-ஏயோ செல்லின் குப்பை அகற்றும் ஏற்பாட்டைத் தூண்டி, காக்-ஏயைச் சிதைக்க வைக்கிறது. கிருமியின் பக்கமிருந்து பார்த்தால் இந்தச் சமநிலை பயனுள்ளது. ஒட்டியிருக்கும் செல் ஒரேயடியாகச் செத்துப்போனால் கிருமிக்கும் இடமில்லை. செல் உயிரோடு இருந்து, இரும்பையும் ஊட்டத்தையும் கசியவிட்டுக்கொண்டே இருந்தால்தான் அதற்கு லாபம்.

அதேநேரம் குழாய் வழியே காக்-ஏயோடு கிருமியின் வேறு சில மூலக்கூறுகளும் உள்ளே போகின்றன. செல் அவற்றை உணர்ந்து இன்டர்லூக்கின்-8 என்ற அழைப்புச் சமிக்ஞையைச் சுரக்கிறது. நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் திரண்டு வந்து, கிருமியைக் கொல்ல வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் பொருட்களை வீசுகின்றன. சளிக்குள் மறைந்த கிருமிக்கு அதனால் பெரிய சேதமில்லை. இரைப்பையின் செல்களும் அவற்றின் டி.என்.ஏ.வும்தான் பாதிக்கப்படுகின்றன. பல பத்தாண்டுகள் ஓயாமல் நீடிக்கும் இந்த அழற்சியே நோய்களுக்கு அடிப்படை.

சேதம் நோயாகும் விதம்

கிருமியைச் சுமப்பவர்களில் 100-க்கு 10 முதல் 15 பேருக்குப் புண்ணும், 1 முதல் 3 பேருக்கு இரைப்பைப் புற்றுநோயும் வரலாம் என்பது பொதுவான கணக்கு. எந்த நோய் வரும் என்பது, அழற்சி இரைப்பையின் எந்தப் பகுதியில் மிகுதி என்பதைப் பொறுத்தது. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் மிகுந்தால் அமிலச் சுரப்பு கூடுகிறது. கூடுதல் அமிலம் முன்சிறுகுடலில் இறங்கி அங்கே புண்ணாக்குகிறது. மேற்பகுதியில் பரவினால் அமிலம் சுரக்கும் சுரப்பிகளே அழிகின்றன. பிறகு சுவர் மெலிந்து, இரைப்பைச் செல்கள் குடல் செல்களைப் போல உருமாறி, ஒழுங்கற்ற செல்கள் தோன்றி, கடைசியில் புற்றுநோயாகிறது. இந்தப் படிவரிசையை விளக்கியவர் பெலாயோ கொரியா என்ற நோயியல் அறிஞர். ஒவ்வொரு படிக்கும் ஆண்டுக்கணக்கில் ஆகும். உலகில் 2022-இல் மட்டும் இரைப்பைப் புற்றுநோய் சுமார் 9.7 லட்சம் பேருக்குப் புதிதாக வந்தது, சுமார் 6.6 லட்சம் பேர் அதனால் இறந்தார்கள்.

கிருமியின் வகைக்கும் இதில் பங்குண்டு. கிழக்காசிய காக்-ஏ, எஸ்எச்பி-2-வோடு மேற்கத்திய காக்-ஏயைவிட இறுக்கமாகச் சேர்கிறது. ஜப்பானிலும் கொரியாவிலும் இரைப்பைப் புற்று மிகுதியாக இருப்பதற்கு இது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. வாக்-ஏயிலும் வலிமையான வடிவம், வலிமை குறைந்த வடிவம் என்ற பிரிவுகள் உண்டு. இவற்றோடு பரம்பரை, உப்பு மிகுந்த உணவு, புகைப்பழக்கம் ஆகியவையும் சேர்ந்தே முடிவைத் தீர்மானிக்கின்றன. இந்தியாவில் இந்தத் தொற்று மிகப் பரவலாக இருந்தும் இரைப்பைப் புற்று ஒப்பீட்டளவில் குறைவு. மிசோரம் இதற்கு விலக்கு. தொற்று மட்டுமே நோயாகிவிடாது என்பதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு.

கண்டறிதலும் சிகிச்சையும்

கிருமியைக் கண்டுபிடிக்கவும் யூரியேஸ் நொதியே உதவுகிறது. எண்டோஸ்கோபியின்போது கிள்ளியெடுத்த துணுக்கை யூரியா கலந்த மஞ்சள் நிறக் கூழ்மத்தில் வைப்பார்கள். கிருமி இருந்தால் அம்மோனியா உண்டாகி, மஞ்சள் இளஞ்சிவப்பாக மாறும். மூச்சுப் பரிசோதனையில், அடையாளமிட்ட கார்பன் கொண்ட யூரியாவைக் குடிக்கக் கொடுத்து, மூச்சில் அந்தக் கார்பன் வெளிவருகிறதா என்று பார்ப்பார்கள். மலப் பரிசோதனையும் உண்டு.

சிகிச்சை என்பது அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு இரண்டு ஆன்டிபயாடிக்குகளைப் பெரும்பாலும் 14 நாள் சேர்த்துச் சாப்பிடுவது. சில நேரம் பிஸ்மத் மருந்தும் சேரும். இரண்டு நாளில் எரிச்சல் அடங்கிவிட்டது என்று பாதியில் நிறுத்தினால், தப்பிய கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறும். கிளாரித்ரோமைசின், மெட்ரோனிடசோல் போன்ற மருந்துகளுக்கு அடங்காத வகைகள் இப்போதே பல நாடுகளில் பெருகிவிட்டன. இந்தியாவில் மெட்ரோனிடசோல் எதிர்ப்பு மிக அதிகம். மருந்து முடித்துக் குறைந்தது நான்கு வாரம் கழித்து மறுபரிசோதனை செய்தால்தான் கிருமி ஒழிந்ததா என்பது தெரியும். பொதுப் பயன்பாட்டுக்குத் தடுப்பூசி எதுவும் இன்னும் வரவில்லை.

கிருமி ஒழிந்தால் நச்சுச் சுரப்பும் நின்றுவிடுகிறது. புண் ஆறுகிறது, திரும்ப வரும் வாய்ப்பும் வெகுவாகக் குறைகிறது. சுவர் மெலிவதற்கு முன்பே ஒழித்தால் புற்றுநோய் அபாயமும் குறைகிறது. குடும்பத்தில் யாருக்காவது இரைப்பைப் புற்று வந்திருந்தாலும், காரணமின்றி எடை குறைந்தாலும், மலம் கறுத்துப் போனாலும், வாந்தியில் இரத்தம் தெரிந்தாலும், கடையில் அமிலம் குறைக்கும் மாத்திரையை வாங்கிப் போட்டு நாளைக் கடத்தாமல் மருத்துவரிடம் போக வேண்டும். அந்த மாத்திரை எரிச்சலை அடக்கும். வாக்-ஏயையும் காக்-ஏயையும் செய்யும் கிருமியை ஒழிக்காது.